வால் இல்லாத சொல்

பவுனம்மாளுக்கு என் மேல் சந்தேகம் வந்தது ஒரு கொடுவா மீனால். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன வந்தது. அவள் புருஷன் பொன்னுரங்கம் கைகளைக் கயிற்றால் கட்டித் துரையின் விசாரணைக் கச்சேரியில் நிறுத்தியிருந்த அன்று நீங்கள் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

நான் ஞானதாஸ், பழவேற்காட்டுத் துபாஷி. ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு அவர் பாஷையில் சொல்லுவது என் பிழைப்பு. என் நைனாவுக்கும் இதே பிழைப்புதான், டச்சுக்காரர் என்கிறார்களே அந்த ஒல்லாந்தரிடம். அவர் பின்னாலேயே கிடங்குகளில் திரிந்ததில் ஒல்லாந்து பாஷை எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு ஒல்லாந்தர் ஊரை இங்கிலீஷ்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். புதிதாக வந்த துரை, அவர்கள் விட்டுப்போன பெரிய வீடு ஒன்றில் கச்சேரி வைத்தார். நான் மதராஸில் கொஞ்ச காலம் இருந்து இங்கிலீஷ் கற்றிருந்தேன். அதனால் என்னையே வைத்துக்கொண்டார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

ஒல்லாந்து பாஷை தொண்டையில் முள் சிக்கினவன் பேசுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் நம்பலாம். உப்புக்கு ஸௌட் என்பார்கள். உப்புப் போடுவதற்கு ஸௌட்டன். மீன் ஃபிஸ், மீன் பிடிப்பது ஃபிஸ்ஸன். பொருள் வேறு, செய்கை வேறு என்று காட்ட, செய்கைக்குப் பின்னால் ஒரு வால் ஆடும். வாலைப் பார்த்ததும் புரிந்துகொள்ளலாம். நம் தமிழைக் கேட்கவே வேண்டாம். வெறுமனே ‘உப்பு’ என்று சொல்லிவிட்டு நின்றால் ஒருவனும் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான். போடு, அள்ளு, கொட்டு, காய்ச்சு என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் உப்பும் ஸால்ட்தான், உப்பை வைத்துச் செய்கிற காரியமும் ஸால்ட்தான். வாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்ன செய்ய வேண்டுமென்பதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பான். நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

வந்த புதிதில் துரை என்னிடம் ‘வாட்டர் தி ஹார்ஸ்’ என்றார். வாட்டர் என்றால் தண்ணீர், ஹார்ஸ் என்றால் குதிரை. சரி, குளிப்பாட்டச் சொல்கிறார் என்று நினைத்துக் குதிரைக்காரனிடம் சொன்னேன். அவன் நாலு குடம் தண்ணீரைக் குதிரை தலையில் கொட்டினான். குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு கோட்டைக்குப்பம் வரைக்கும் ஓடியது. குடிக்கத் தண்ணீர் காட்டு என்பதைத்தான் அந்த மனுஷன் அப்படிச் சொல்லியிருக்கிறார்! அதிலிருந்து ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன், சந்தையில் அழுகல் கத்தரிக்காயை ஒதுக்குகிறவனைப் போல.

இப்போது கொடுவா மீனுக்கு வருகிறேன். பவுனம்மாள் கோட்டைக்குப்பத்துக்காரி. துரை வீட்டுச் சமையற்கட்டுக்குத் தினமும் மீன் கொண்டுவந்து போடுகிறவள். கறுத்து ஒல்லியாக இருப்பாள். காது மட்டும் பாம்புக் காது. துரைக்குச் சாப்பாட்டில் ருசி அதிகம். அவரே சமையற்கட்டு வாசலில் வந்து நின்று பட்லர் பெருமாளிடம் அதைச் செய், இதைச் செய் என்பார். இவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நான் அந்த வழியாகப் போனபோது பிடித்துக்கொண்டாள்.

“துபாஷியாரே, ஸ்கின்னுன்னா இன்னா?”

“தோல்.”

“போனுன்னா?”

“எலும்பு. மீனுக்குன்னா முள்ளு.”

“தொர இந்தக் கொடுவாவைக் காட்டி ஸ்கின்னுன்னாரு, பட்லரு தோலை உரிச்சான். போனுன்னாரு, முள்ளை எடுத்தான். உரின்னும் சொல்லல, எடுன்னும் சொல்லல. அவனுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“அது அதுக்குள்ளயே கீது.”

“எதுக்குள்ள?”

“அந்த வார்த்தைக்குள்ள.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுகின மீனை நல்ல மீன் என்று விற்க வந்தவனைப் பார்க்கிற பார்வை அது. எனக்குச் சுருக்கென்றது.

“நான் சொல்றேன் கேளு,” என்றாள். “இறாலைக் காட்டி ஷெல்லுன்றாரு, ஓட்டை எடுக்கிறான். மாட்டைக் காட்டி மில்க்குன்றாரு, பாலைக் கறந்து எடுக்கிறான். நாக்காலியைக் காட்டி டஸ்ட்டுன்றாரு, தூசியைத் தட்டி எடுக்கிறான். இன்னாத்தச் சொல்றாங்களோ அத்த எடுத்துடணும். அதானே கணக்கு?”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அவள் கேட்ட சொல் எல்லாம் அப்படித்தான் இருந்தது. ஆனால் எனக்குக் குதிரை ஞாபகம் வந்தது.

“எல்லாத்துக்கும் அப்டி இல்ல. வாட்டருன்னா தண்ணிய எடுக்கிறது இல்ல, குடுக்கிறது. குதிரைக்குத் தண்ணி காட்டறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது,” என்றேன்.

“இது மட்டும் எப்டிக் குடுக்கிறதாச்சு?”

“ஆச்சு. அவங்க பாஷை அப்டி.”

“எடுக்கிறதுன்னு சொல்றதும் நீ, குடுக்கிறதுன்னு சொல்றதும் நீ! நல்லா இருக்குய்யா உன் பாஷை,” என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனவள் சும்மா இருந்தாளா? ஒரே வார்த்தைக்கு இந்தத் துபாஷி வேளைக்கு ஒரு அர்த்தம் சொல்கிறான், ஆளைப் பார்த்து மாற்றுகிறான் என்று குப்பம் முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டாள். அதற்கப்புறம் நான் கரைப்பக்கம் போனால் வலை உலர்த்துகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். பரக்கத் பீவி வீட்டில்கூட, தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர்கள், என் நைனாவுக்கு மரியாதை கொடுத்தவர்கள், அவர்களே துரையிடம் ஒரு விண்ணப்பம் வைக்க மதராஸிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

துரையாவது நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. வழக்கோடு வந்தவன் அரை நாழிகை அழுது புலம்பியிருப்பான். நான் ‘வலையைக் கிழித்துவிட்டார்கள் என்கிறான்’ என்று சொல்வேன். ‘அவ்வளவு நேரம் பேசினானே, மீதி எங்கே?’ என்று துரை கண்ணைச் சுருக்குவார். மீதியில் அவன் பக்கத்து வீட்டுக்காரனின் பரம்பரையைத் திட்டியிருப்பான், அதை எப்படி இங்கிலீஷில் சொல்லுவது? சொன்னேன், அதையும் சொன்னேன். அவன் திட்டினால் திட்டைச் சொன்னேன். பொய் சொன்னால் பொய்யைச் சொன்னேன். குற்றத்தை ஒத்துக்கொண்டால் அதையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டினதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. எனக்கு இருந்த கௌரவம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் உப்பு விவகாரம் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஏரிக்கரையில் விளைகிற உப்பை மீன்காரர்கள் வேண்டியமட்டும் அள்ளிக்கொள்வார்கள். புதுத் துரை வந்ததும் உப்பு முழுக்க சர்க்கார் உப்பு என்றாகிவிட்டது. மீனுக்குப் போட்டுக் கருவாடாக்க மட்டும் குவியலிலிருந்து எடுக்கலாம். வேறு எதற்கு எடுத்தாலும், விற்றாலும் திருட்டு. திருட்டென்று தீர்ந்தால் காலில் விலங்கு பூட்டி மதராஸுக்கு அனுப்பிவிடுவார்கள், ஒரு வருஷம் ரோடு வேலைக்கு.

பொன்னுரங்கம் இரண்டு கூடை உப்பு எடுத்தான். மடவை மீன் அள்ளிக்கொண்டு விழுந்த சமயம் அது. உப்புச் சேவகன் மூர்த்தி அவன் எடுத்துப் போவதைப் பார்த்தான். பார்த்தவன் அன்றே கேட்கவில்லை. சில நாள் கழித்து வீட்டுக்குப் போய்ச் சோதனை போட்டான். ஒரு கல் உப்பு இல்லை. கருவாடும் இல்லை. இருக்காதே! கருவாட்டைப் பரக்கத் பீவி வீட்டுத் தோணி வடக்கே ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. சாட்சி சொல்ல வேண்டிய தோணிக்காரன் திரும்ப மாதமாகும். உப்பைப் படகில் கடத்தி விற்றுவிட்டான் என்று மூர்த்தி பொன்னுரங்கத்தைக் கட்டி இழுத்து வந்தான். மூர்த்திக்கு மீன் கூடையில் பங்கு கேட்கிற பழக்கம் உண்டு. பொன்னுரங்கம் கொடுக்கிற ஜாதி இல்லை. நடந்தது இன்னதென்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆனால் என் வேலை தெரிந்துகொள்வது இல்லையே, சொன்னதைச் சொல்வதுதானே.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை பவுனம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உதவி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் இளகினது. அவளோ மிரட்ட வந்திருந்தாள்.

“நாளைக்கு என்னையும் கூப்புட்டுக்கீறாங்க. நான் இன்னா சொல்றனோ அத்த அப்டியே சொல்லணும். ஒரு எழுத்து மாறுனா எனக்குத் தெரியும். எனக்கும் இங்கிலீஷு தெரியும்.”

“இன்னா தெரியும் உனக்கு?”

“யெஸ்ஸு, நோ, ஃபிஷ்ஷு, ஸால்ட்டு, எல்லாம் தெரியும். எங்க ஊட்டாரு போயிட்டாருன்னா ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு நான் ஏரியிலதான் வுழணும். அத்தப் புரிஞ்சிக்கோ.”

“பொம்பளே, நான் யாரோட பேச்சையும் மாத்தினது கெடையாது.”

“சத்தியம் பண்ணு.”

எனக்கு வந்த கோபத்தில் மகிமை மாதா கோயில் இருக்கிற திசையில் கையை நீட்டினேன். “மாதா மேல சத்தியம். நீ சொல்றத ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன். போதுமா?” என்றேன். போதும் என்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் கச்சேரி. துரை பெரிய மேஜைக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு ஒரே கதையைச் சொல்லக்கூடாதாம், அதனால் பவுனம்மாளை வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டார். முதலில் மூர்த்தி சொன்னான். பிறகு பொன்னுரங்கம். அவன் பயந்த சுபாவம், அதிகம் பேசமாட்டான்.

“எடுத்தது நெஜம் சாமி. மீனுக்குத்தான் போட்டோம். ஊட்டுல போட்டது எம் பொண்டாட்டி.”

அப்படியே சொன்னேன். துரை யோசித்தார். உப்புப் போட்டவள் பெண்டாட்டி என்றால் அவளையே கேட்டுவிடலாம், அவள் போட்டேன் என்றால் இவனை விட்டுவிடலாம், இல்லையென்றால் நாளைக்கே மதராஸ் என்றார். அதுவரை அவனை வாய் திறக்கவிடாதே என்று மூர்த்திக்கு உத்தரவு. எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரே கேள்வி, அதற்கு ஒரே பதில். அவள் மீனுக்கு உப்புப் போட்டது ஊருக்கே தெரியும்.

பவுனம்மாளைக் கூட்டிவந்தார்கள். வந்ததும் புருஷனின் கைக்கயிற்றைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய்விட்டது. துரை அவளையே பார்த்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“டிட் யூ ஸால்ட் தி ஃபிஷ்?”

“மீனுக்கு உப்பு போட்டியான்னு தொர கேக்குறாரு,” என்றேன். சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல்.

அவள் உதடு மட்டும் அசைந்தது. ஸால்ட், ஸால்ட் என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவள் மனசில் என்ன ஓடுகிறதென்று அச்சடித்தது போலத் தெரிந்தது. ஸ்கின் என்றால் தோலை எடு. போன் என்றால் முள்ளை எடு. மில்க் என்றால் பாலை எடு. அப்படியென்றால் ஸால்ட் என்றால்? உப்பைத் திருட்டாக எடுத்தாயா என்று துரை கேட்கிறார், இந்தப் பாவி துபாஷி போட்டாயா என்று தேனாகப் பேசி ஆமாம் சொல்ல வைக்கப் பார்க்கிறான்!

“பவுனம்மா, போட்டியான்னுதான் கேக்குறாரு. எடுத்தியான்னு இல்ல,” என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அதுவரை அரைச் சந்தேகமாக இருந்தது அப்போது முழுச் சந்தேகமாகிவிட்டது.

“யார் காதுல பூ சுத்துறே?” என்று என் மேல் பாய்ந்தாள். “எனக்குத் தெரியாதா ஸால்ட்டுன்னா இன்னான்னு? ஆமான்னு வாங்கிக் குடுத்துட்டு அவர உள்ள தள்ளப் பாக்குறியா?” துரை பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்து, தலையைப் பலமாக ஆட்டினாள். “இல்ல தொர! இல்லவே இல்ல! சாமி சத்தியமா நான் அப்டிப் பண்ணவே இல்ல!”

பொன்னுரங்கம் “அய்யோ, அடியே” என்று வாயெடுத்தான். மூர்த்தி அவன் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தான். மூர்த்தி முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

துரை என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறாள்?

‘நோ சார்.’ இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டால் என் வேலை சுத்தம், என் சத்தியம் சுத்தம். அவள் புருஷன் விலங்கோடு மதராஸுக்குப் போவான். அவள் தன் வாயாலேயே அவனை அனுப்பி வைத்திருப்பாள், அது தெரியாமலே சாகும்வரை என்னைச் சபிப்பாள். அவளுக்கு விளக்கிச் சொல்லவோ துரைக்கு விளக்கிச் சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. ஸ்கின்னையும் போனையும் பற்றித் துரையிடம் பாடம் எடுத்தால், நீயே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா என்றுதான் கேட்பார். பொன்னுரங்கம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“யெஸ் சார்,” என்றேன். “உப்புப் போட்டேன் என்கிறாள்.”

என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே திக்கென்றது. துரை புருவத்தை உயர்த்தினார். தலையை ஆட்டி இல்லை என்றாளே என்றார். இந்தப் பக்கத்து ஜனங்கள் சத்தியமாகச் சொல்லும்போது அப்படித்தான் ஆட்டுவார்கள் என்றேன். நம் ஊர்க்காரர்கள் தலையாட்டுவதைப் பார்த்து எந்தத் துரைக்கு எது விளங்கியிருக்கிறது? ஓகோ என்றார்.

ஆனால் பவுனம்மாளுக்கு யெஸ் தெரியுமே. “அடப்பாவி!” என்று அலறினாள். “யெஸ்ஸுன்றானே! நோ தொர! நோ! நோ ஸால்ட்! நோ ஸால்ட்!”

எனக்கு வேர்வை முதுகில் வழிந்தது. நோ ஸால்ட்டா, என்ன இது என்று துரை கேட்டார். அந்த நேரத்தில்தான் அந்த வாலில்லாத பாஷை முதல் தடவையாக எனக்கு உபகாரம் பண்ணியது. அதே சொல் செய்கையாகவும் இருக்கும், பொருளாகவும் இருக்கும். “உப்பெல்லாம் மீனுக்கே போய்விட்டது, மிச்சம் ஒரு கல்லும் இல்லை என்கிறாள்,” என்றேன். துரை மூர்த்தியைப் பார்த்தார். அவன் சோதனை போட்டபோதும் வீட்டில் உப்பு இல்லையென்றுதானே சொன்னான். கணக்கு சரியாக இருந்தது.

மூர்த்திக்குப் பொறுக்கவில்லை. முன்னால் வந்து சலாம் போட்டான். “தொர! அந்தப் பொம்பள இல்லேன்னு சொல்லுது, இவன் மாத்திச் சொல்றான்! பொய்யி!”

இவன் என்ன சொல்கிறான் என்று துரை என்னைக் கேட்டார். என்னைத்தானே கேட்க வேண்டும், வேறு யாரைக் கேட்பார்?

“தனக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை என்கிறான்,” என்றேன்.

கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டுத் துரை சாப்பிடப் போய்விட்டார். மூர்த்தி என்னை முறைத்துக்கொண்டே அவிழ்த்தான். அவன் இனி சும்மா இருக்க மாட்டான், இங்கிலீஷ் தெரிந்தவன் எவனாவது கிடைக்கிற வரைக்கும்தான் என் பிழைப்பு என்று அப்போதே தெரிந்தது. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொன்னவனுக்குச் சந்தோஷமா என்று கேட்காதீர்கள், இருந்தது. ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துப் படகுத்துறைப் பக்கம் போனேன்.

பவுனம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கையை விட்டுவிட்டு வந்தாள்.

“யெஸ்ஸுன்னு சொன்னத என் ரெண்டு காதாலயும் கேட்டேன். மாட்டி வுடத்தானே பாத்தே? நான் கத்தலேன்னா போயிருப்பாரு!”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உட்கார வைத்துச் சொன்னேன். ஸால்ட் என்று துரை கேட்டது போட்டாயா என்றுதான். இல்லையென்று அவள் சொன்னால் புருஷன் விற்றான் என்றாகும். அதனால் நான் ஆமாம் என்றேன். பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று தலையாட்டினான். “நெஜந்தான் புள்ள. அவ்ரு மட்டும் மாத்திச் சொல்லலேன்னா நான் பூட்டேன்,” என்றான்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

“அப்ப நான் இல்லேன்னேன்.”

“ஆமா.”

“நீ ஆமான்னு சொன்னே.”

“ஆமா.”

“நேத்து மாதா மேல சத்தியம் பண்ணியே?”

“உன் ஊட்டுக்காரனுக்காகத்தான்.”

“காப்பாத்திட்டே. இல்லேன்னு சொல்லல, உன் கால்ல வுழுறேன்,” என்று நிஜமாகவே குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய சந்தேகம் அப்படியே இருந்தது. “ஆனா இத்தினி நாளா எத்தினி பேரு பேச்ச மாத்துனே?”

“யாரு பேச்சையும் மாத்தல! இதான் மொத தடவ!”

“அத்தயும் நீதானே சொல்றே,” என்றாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். துபாஷி எங்களைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டவர்களுக்குக் காப்பாற்றினது காதில் விழவில்லை, மாற்றிச் சொன்னதுதான் விழுந்தது. மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் வலை வழக்கில் என்ன சொன்னாய், என் அண்ணன் வழக்கில் என்ன சொன்னாய் என்று வாசலில் நின்று கேட்டார்கள். எல்லாம் நீங்க சொன்னதுதான், ஒரு எழுத்து மாற்றவில்லை என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போங்கடா என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மத்தியானம் மறுபடி கதவு தட்டுகிற சத்தம். திட்டிக்கொண்டே திறந்தேன். பசியாவரத்து முத்தம்மாள் நின்றிருந்தாள். ஏரியைத் தாண்டிப் படகில் வந்திருக்கிறாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவள் மகன் மழைக்காலத்தில் சர்க்கார் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை அரிசியைத் தூக்கினவன். எடுத்தாயா என்று துரை கேட்டார். எடுத்தேன் சாமி, வீட்டில் சோறு இல்லை என்றான். எடுத்தேன் என்கிறான், வீட்டில் சோறு இல்லை என்கிறான் என்று நானும் சொன்னேன். மதராஸுக்கு அனுப்பினார்கள். ரோடு வேலையில் காய்ச்சல் கண்டு அங்கேயே செத்துப்போனான்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். “உம் புள்ள சொன்னதத்தான் சொன்னேன் முத்தம்மா. மாதா அறிய ஒரு வார்த்த மாத்தல.”

“தெரியும் நைனா,” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. “நான் அங்கதானே நின்னேன். எடுத்தேன்னு எம் புள்ளதான் சொன்னான். நீ மாத்தல. எனக்கு உம் மேல சந்தேகம் இல்ல.”

இந்த ஊரில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான். உள்ளே வா, தண்ணீர் குடி என்றேன்.

“தண்ணி வேணாம். ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாள். “பவுனு புருசனுக்கு மாத்திச் சொல்ல வாய் வந்துச்சே நைனா. எம் புள்ளைக்கு ஏன் வரல?”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்த படகு அதற்குள் கரையை விட்டுத் தள்ளிப் போயிருந்தது, அவளே அனுப்பிவிட்டிருக்கிறாள். புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, என் பதிலுக்காக வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.